மாமனுக்கு ஆகாத பல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

தங்கவயல் சுரங்க ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய முப்பது வருஷம் டிரெஸ்ஸராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுவது, முறிந்த எலும்புக்குப் பத்தை வைப்பது, பல் பிடுங்குவது இவையெல்லாம் என் தொழில். இன்று இந்த ஊரில் ஐம்பதைத் தாண்டியவர்கள் சிரித்தால் தெரிகிற ஓட்டைகளில் பாதி என் கைங்கரியம். அப்படிப்பட்ட நான், அரிசியளவுகூட இல்லாத ஒரு பல்லுக்குப் பயந்து ஒன்பது நாள் சுரங்கத்தில் இறங்காமல் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரிக்கு அப்போது வயது ஏழு மாதம்.

இதற்குள்ளே இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது தன் முறை வரும்போது எழுந்து வரும்.

இப்போது எழுதக் காரணம், ஆஸ்பத்திரிக்குப் பல்லுக்கென்றே தனியாக ஒரு டாக்டர் வந்திருக்கிறார். காலால் மிதித்தால் சுற்றுகிற மெஷின் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். தையல் மெஷினுக்குத் தம்பி போலிருக்கிறது. அதனால் சொத்தையைக் குடைந்தெடுத்து, குழியை அடைத்து, பல்லை வாயிலேயே விட்டுவிடுகிறார். நாற்காலி பின்னால் சாய்கிறது. சாய்ந்தால் சாய்ந்தபடியே நிற்கிறது. எங்கள் நாற்காலியும் சாயும், ஆனால் அதன் ஒரு கால் குட்டை என்பதால் சாயும். இதைப் பார்க்கப் போனபோது அங்கிருந்த இளம் டிரெஸ்ஸர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் காலத்தில் பல்லில் கயிறு கட்டி இழுத்தீர்களாமே என்றார்கள். கயிறு இல்லை, முறை இருந்தது என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சும்மா வீட்டில் இருப்பவனிடம் எதையும் கேட்கக் கூடாது.

நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஸ்ட்ரெச்சர் தூக்க வந்தவன். இரண்டு வருஷம் தூக்கினேன், ஒரு வருஷம் பாட்டில் கழுவினேன், இன்னொரு வருஷம் கட்டுத்துணி சுற்றப் பழகினேன். அவ்வளவுதான் என் படிப்பு. என் விரல்கள் பெண்பிள்ளை விரல்கள் மாதிரி ஒல்லியாக நீளமாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் துரை என்னைப் பல் நாற்காலிக்கு எடுத்துக்கொண்டார். மூளைக்காக யாரும் என்னை எதற்கும் எடுத்துக்கொண்டதில்லை.

துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கிய வெள்ளைக்காரர், சிவந்த முகம், வலது முழங்காலில் வாதம். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். அவருக்குத் தமிழில் நாலே சொல் தெரியும்: திற, எண்ணு, மூடு, போ. மற்றதையெல்லாம் இங்கிலீஷில் மெதுவாகச் சொல்வார். நாங்கள் தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொள்வோம். ஆனால் அந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி முழுவதையும் ஓட்டினார். நோயாளியிடம் 'திற' என்பார். என்னிடம் 'எண்ணு' என்பார். வேலை முடிந்ததும் 'மூடு'. பிறகு 'போ'. நாலுக்கும் ஒரே குரல்.

இதில் 'எண்ணு' என்பதுதான் பெரிய சொல். ஒரே ஒரு பல் கன்னம் வீங்கி எரிகிறது, ஆள் துடிக்கிறான், பார்த்தாலே தெரிகிறது எந்தப் பல் என்று. ஆனாலும் எண்ணியாக வேண்டும். நோயாளிக்கு எதிரே உட்கார வேண்டும். மேல்வரிசையில் நடுவிலிருந்து தொடங்கிக் கடைசி வரை விரலால் தொட்டு எண்ண வேண்டும், பிறகு அடுத்த பக்கம், பிறகு கீழ்வரிசை. அதன் பிறகுதான் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போகலாம். கீழ்ப்பல் பிடுங்குவதற்குப் பின்னால் நிற்பதுதான் சௌகரியம்: நோயாளியின் தலையை நம் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து வேலை பார்க்கலாம். பல்லைக் குறட்டால் பிடித்ததும் இழுக்கக் கூடாது, வேரை நோக்கி அழுத்த வேண்டும். ஒற்றை வேர்ப் பல்லைத் திருகலாம். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர், மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று; அவற்றைத் திருகினால் முறிந்துபோகும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துத்தான் எடுக்க வேண்டும். வந்த பல்லைப் பீங்கான் தட்டில் போட்டு வேரை எண்ணிக் காட்ட வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் பின்னால் நின்றுகொண்டு எண்ணாதே என்று துரை ஒருநாள் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஒருமுறை சுரங்கக் கேப்டன் பங்களாச் சமையல்காரர் தன் மகளை அழைத்து வந்தார். எட்டு வயசுப் பெண், கீழே பின்பக்கம் ஒரு பல் சொத்தை. பால்பல்தான், பிடுங்கினால் வேறு முளைக்கும் என்று நான் தைரியமாகச் சொல்லிக் குறட்டைக் கையில் எடுத்துவிட்டேன். துரை 'எண்ணு' என்றார். எண்ணினேன். வெட்டுப்பல் இரண்டு, கோரைப்பல் ஒன்று, கடைவாய்ப்பல் இரண்டு, அதற்குப் பின்னால் இது. ஆறு. துரை அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார்.

டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு குழந்தையின் தாடை. எந்தத் தேசத்துக் குழந்தையோ, ஆறு வயது இருக்கும் என்றார். தாடை எலும்பின் வெளிச்சுவரை யாரோ பொறுமையாகச் சீவி எடுத்திருந்தார்கள். வெளியே சின்னச் சின்னப் பால்பற்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வேருக்கு அடியிலும், எலும்புக்குள்ளே, ஒரு பெரிய பல் காத்துக்கொண்டிருந்தது. வேரே இல்லை, வெறும் தலை மட்டும். பல் என்பது தலை முதலில் உண்டாகி வேர் பிறகு வளர்கிற பொருள் என்று அன்றுதான் தெரிந்தது. அடியில் இருப்பது மேலே வர வர, பால்பல்லின் வேர் கரைந்துகொண்டே போகும். கடைசியில் வேரில்லாத வெறும் ஓடு ஒருநாள் சோற்றோடு விழும். நாமெல்லாம் பால்பல்லுக்கு வேரே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருந்தது, தம்பிக்கு இடம் விட்டுக் கரைந்துபோயிற்று.

துரை ஒரு பக்கத்துப் பால்பற்களை விரலால் காட்டினார். ஐந்துதான். மேலும் கீழும் இரண்டு பக்கமும் சேர்த்தால் இருபது. ஆறாவதாகப் பின்னால் வருவது எதையும் தள்ளிவிட்டு வருவதில்லை. ஆறு வயதில் சத்தமில்லாமல் காலியிடத்தில் முளைக்கும். எதுவும் விழாததால் தாய்க்குத் தெரியாது. அதைப் பிடுங்கினால் அதற்குப் பின்னால் யாரும் காத்திருப்பதில்லை. ஆயுசுக்கும் ஓட்டை. நான் குறட்டைக் கீழே வைத்தேன். துரை சொத்தையைச் சுரண்டி, பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டு வைத்தார். அந்தப் பல் நெடுநாள் இருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. எங்கள் லைனில், மூங்கில் தட்டியால் அடைத்த கூலி வீடுகளின் வரிசையில், தட்டிக்குத் தட்டி போய்ப் பல் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தேன். பால்பல் இருபது, பெரிய பல் முப்பத்திரண்டு, முதலில் வருவது கீழே நடுப்பல், பிறகு மேலே நடுப்பல். கேட்க மாட்டேன் என்றவர்களுக்கு இரண்டு தடவை சொன்னேன். பல் விஷயத்தில் டிரெஸ்ஸர் சொன்னால் சரி என்று லைன் முழுவதும் ஒத்துக்கொண்டது. வினை அங்கேதான்.

என் அக்கா சாராள் எனக்கு ஆறு வயது மூத்தவள். எங்கள் அப்பா இந்தச் சுரங்கத்தில் இறங்கிய ஷிப்டிலிருந்து ஏறி வராமல் போன பிறகு, ஊரில் என்னை வளர்த்தவள் அவள்தான். மச்சானுக்குக் கல் இடிக்கிற மில்லில், பூமிக்கு மேலே வேலை. மாப்பிள்ளை பார்க்கும்போது அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதானாம். நான் அடுத்த தட்டியில் இருந்தேன், சாப்பாடு அவள் வீட்டில். சுரங்கத்தில் யாருக்காவது அடிபட்டால் மணி அடிக்கும், டிரெஸ்ஸர் பெட்டியை எடுத்துக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்க வேண்டும். மணி அடித்தால் அக்கா செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு சுரங்கக் கிணறான ஷாப்டின் வாசலுக்கு வந்து நிற்பாள். நான் ஏறி வந்ததும் என் தொப்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவளுக்கு நெடுநாள் கழித்துப் பிறந்தவள் பாக்கியம். இங்கே மின்விளக்கு வருவதற்குச் சற்று முந்திய காலம் அது. ஒரு சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரம், குழந்தை எச்சில் ஒழுக ஒழுக அழுதுகொண்டிருந்தாள். பல் முளைக்கிறது, நான் பார்க்கிறேன் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எப்படி வைத்துக்கொண்டேன்? தொழில்காரன் வைத்துக்கொள்கிற மாதிரி: தலை என் வயிற்றில், முகம் கூரையைப் பார்த்து. மேலிருந்து குனிந்தேன். அழுகிற வாய்க்குள் மேலே, நட்டநடுவில், வெள்ளையாக ஒரு புள்ளி.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மேல்பல் முதலில் வந்திருக்கிறது என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்துத் தட்டி முனியம்மா, சித்தூர்க்காரி, தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"இன்னா தாசு சொல்றே, மேல்பல்லா? தாய்மாமனுக்கு ஆவாதே. அதுலயும் நீ மண்ணுக்குக் கீழ எறங்கறவன்."

அக்கா அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். குழந்தையை வாங்கினாள், வாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பாவம், தம்பிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று பேச்சு எழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று லைனில் பிரசங்கம் செய்தவனும் நானே. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மூன்றாவது பெஞ்சு எங்களுடையது. ஆனாலும் அன்று படுத்தபோது அந்தப் புள்ளி என் கண்ணுக்குள் வந்து நின்றது. திங்கட்கிழமை முனியம்மா வீட்டுக் கொல்லையில் ஒரு பித்தளைத் தட்டில் எண்ணெய் ஊற்றி, அதில் குழந்தையின் முகத்தை நான் பார்த்துத் தோஷம் கழிக்கிற சடங்கை நடத்தினோம். போதகர் ஐயாவுக்குத் தெரியாமல்தான்; ஆனாலும் எண்ணெய்க்கு முன்னால் ஒரு ஜெபமும் செய்துகொண்டேன். இரண்டு பக்கமும் பத்திரமாக இருக்கட்டும் என்று. முனியம்மா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்: கீழ்ப்பல் வரும்வரை மாமன் அந்த வாயைப் பார்க்கவே கூடாது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த நிபந்தனை மட்டும் இல்லாதிருந்தால் கதை அடுத்த நாளே முடிந்திருக்கும்.

பிறகு ஒன்பது நாள். மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நோய் வந்தது. முதலில் வயிற்றுவலி. துரை என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், பொய்யா என்று கேட்கவில்லை, ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் நின்று நான் குடிப்பதைப் பார்த்தார். அதன்பின் முழங்காலில் பிடிப்பு என்றேன். மூங்கில் பத்தை வைத்துத் தொடையிலிருந்து கணுக்கால் வரை தாமே கட்டினார், அழகான கட்டு. மயக்கம் என்றேன், கொய்னா. முதுகு என்றேன், கடுகுப் பற்று. எந்தப் பொய்க்கும் அவர் முழு வைத்தியம் செய்தார், ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. விளக்கெண்ணெயைத் தினமும் தொடரச் சொன்னார். எனக்குப் பதிலாக இறங்கிக்கொண்டிருந்த சின்னப்பன், எனக்கு அடுத்த டிரெஸ்ஸர், கட்டோடு நொண்டிக்கொண்டு வந்த என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணே, இன்னும் எந்த அவயவம் பாக்கின்னு சொல்லிட்டா நான் தயாரா இருப்பேன்."

அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒரு அக்கா உண்டு.

வீட்டிலோ அந்த ஒன்பது நாளும் எனக்கு விருந்து. களி போய்ச் சோறு வந்தது, கருவாட்டுக் குழம்பு வந்தது. அக்கா வேலை செய்துகொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தாள். சாகப்போகிறவனுக்குச் சாப்பாடு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

எட்டாம் நாள் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து மிகச் சிறிய குறடு ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். பல்தானே ஆபத்து, பல்லை எடுத்துவிட்டால்? அக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள். குழந்தையைத் தூக்கிப் பழையபடி மடியில் கிடத்தி, பல்லே போகப்போகிறது, நிபந்தனை எதற்கு என்று குறட்டை வெளியே எடுத்தேன். பாக்கியம் அழவில்லை. குறட்டின் முனையைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள், ஈறு அரிப்புக்கு அது இதமாக இருந்திருக்கும். கடித்துக்கொண்டே சிரித்தாள்.

எனக்கு அந்த பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. இந்த அரிசிக்குப் பின்னால், எலும்புக்குள்ளே, இன்னொரு பல் இப்போதுதான் தலையை உண்டாக்க ஆரம்பித்திருக்கும். நான் குறட்டை உள்ளே விட்டு அழுத்தினால் அதையும் சேர்த்து நசுக்குவேன். ஏழு வயதில் இவள் சிரிக்கப்போகிற சிரிப்பு அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஊரார் பல்லையெல்லாம் எண்ணிக் காப்பாற்றிவிட்டு, அக்கா பெண்ணின் பல்லை எண்ணாமல் கொல்லவா? குறட்டை அவள் கையிலிருந்து பிடுங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அதற்குள் அக்கா குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள். குடத்தை இறக்கிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"இது பல்லு மேல கை வச்சே, அந்தக் கட்டு போட்ட கால நெஜமாவே ஒடிச்சிடுவேன்."

பத்தாம் நாள் காலை மணி அடித்தது. சுரங்கத்தின் மூன்றாவது அடுக்கில், மூன்றாவது லெவல் என்பார்கள், பாறை சரிந்து இரண்டு பேருக்கு அடி. சின்னப்பன் இறங்கினான். சற்று நேரத்தில் ஒருவன் மூச்சிரைக்க மேலே வந்தான். ஒருவனுக்குக் கால், அவன் பிழைத்துக்கொள்வான். மற்றவன் பாறை குடைகிற மெஷின் பிடிக்கிற கோவிந்தன், குடியாத்தத்துக்காரன். அவன் தாடை நொறுங்கிவிட்டது. படுக்கவைத்தால் மூச்சு அடைத்து முகம் நீலமாகிறது, ஸ்ட்ரெச்சரில் ஏற்ற முடியவில்லை. குனிந்தபடி உட்கார்ந்து எப்படியோ இழுத்துக்கொண்டிருக்கிறான். சின்னப்பன் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்து, எட்டாமல் ஆள் அனுப்பியிருந்தான்.

துரை பையை எடுத்தார். வயிற்றைப் பிடிப்பதா முதுகைப் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டு நான் நின்றேன். அவர் தம்முடைய இரண்டு கைகளையும் என் முகத்துக்கு எதிரே நீட்டிக் காட்டினார். ஒவ்வொரு விரலும் வாழைக்காய். பிறகு என் கையைத் தொட்டார்.

"வா," என்றார்.

அது அவருடைய ஐந்தாவது தமிழ்ச்சொல். எங்கே கற்றுக்கொண்டாரோ. நான் ஓடினேன். நான் நொண்டவில்லை என்பதும், மூங்கில் பத்தை டக்டக்கென்று அடித்துக்கொள்ள முயல் மாதிரி ஓடினேன் என்பதும், துரைதான் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார் என்பதும் கேஜுக்குள் நின்ற பிறகுதான் உறைத்தது. கேஜ் கீழே விழுகிற மாதிரி இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, அந்த மேல்பல்லையும் ஆண்டவரையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். கயிறு அறுந்தால் துரையும் சேர்ந்து சாவாரே, அவருக்கு என் அக்கா பிள்ளை என்ன உறவு என்று ஒரு யோசனை. மூன்றாவது லெவலில் கேஜ் நின்றது. நான் உயிரோடிருந்தேன். அதைப் பற்றி ஆச்சரியப்பட நேரம் கிடைக்கவில்லை.

கோவிந்தன் ஒரு மரத்தடியின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் கயிறு கயிறாகத் தொங்கின. மூச்சு விசில் மாதிரி வந்தது. சின்னப்பன் அவன் தோளைப் பிடித்திருந்தான். துரை வாதக் காலை மடக்கி மண்ணில் முட்டியிட்டு, களிமண்ணில் குத்திய மெழுகுவர்த்தியை அவன் வாயருகே பிடித்தார்.

"எண்ணு."

எதிரே உட்கார்ந்து விரலை உள்ளே விட்டேன். மேல்வரிசை நடுவிலிருந்து ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு, முழுசாக இருந்தன. கீழே இடது பக்கம் எட்டு. வலது பக்கம் முதல் பல் இருந்தது. அதற்கு அடுத்த இடத்தில் குழி, அதற்கும் அடுத்த இடத்தில் குழி. அங்கேதான் தாடை இரண்டாக விலகி அசைந்தது. குழிக்குப் பின்னால் ஐந்து பல். இரண்டு பற்கள் கணக்கில் இல்லை. சின்னப்பன் ஒன்றை முன்பே மண்ணிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தான், கோரைப்பல். இன்னொன்று எங்கே? மண்ணைத் துழாவினார்கள், இல்லை. துரை தொண்டையைக் காட்டினார்.

வலது பக்கக் கன்னத்தை ஒட்டியபடி விரலைப் பின்னால் கொண்டுபோனேன். நடுவாக விட்டால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவேன். நாக்கு பின்னால் சரிந்து கிடந்தது. சின்னப்பன் துணியால் நாக்கின் நுனியைப் பிடித்து முன்னால் இழுத்தான். நாக்கின் அடிவாரத்துக்கும் அந்தப் பக்கம், நகத்தின் நுனியில், கெட்டியாக ஒன்று தட்டியது. கோவிந்தன் அப்போது என் விரலைக் கடித்தான். உடைந்த தாடையால் கடிக்க முடியாது என்று புத்தகம் எழுதுகிறவர்கள் என் விரலைப் பார்க்கலாம். நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் போய்விடுவான். விரலைக் கொக்கி மாதிரி வளைத்து மெல்ல முன்னால் உருட்டினேன். வெட்டுப்பல், வேரோடு, முழுசாக. கூடவே ஒரு கட்டி ரத்தம். அவன் ஒரு நீண்ட மூச்சு இழுத்தான். அந்த லெவலில் இருந்த எல்லோரும் அவனோடு சேர்ந்து இழுத்த மாதிரி இருந்தது.

துரை இரண்டு பற்களையும் சுத்தத் தண்ணீரில் அலசிப் பார்த்தார். கோரைப்பல்லின் வேர் முறிந்திருந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். வெட்டுப்பல்லை அதன் குழியிலேயே மறுபடி வைத்து அழுத்தினார். எலும்பின் இரண்டு துண்டையும் நான் பிடித்துச் சேர்க்க, முறிவுக்கு இந்தப் பக்கத்துப் பல்லையும் அந்தப் பக்கத்துப் பல்லையும் வெள்ளிக் கம்பியால் எட்டுப் போட்டுக் கட்டினார். மோவாயின் கீழே, இரண்டு முனையையும் கிழித்து நாலு வாலாக்கிய துணியால் ஒரு கட்டு, உச்சந்தலையில் முடிச்சு. கோவிந்தன் உட்கார்ந்தபடியே, சின்னப்பன்மேல் சாய்ந்துகொண்டு, கேஜில் ஏறினான். ஆறு வாரம் கஞ்சி குடித்தான். வாய் திறக்க முடிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை நன்றி இல்லை. "இன்னாயா டிரெஸ்ஸரே, ஒன் கையில அப்படியொரு வெளக்கெண்ணெ நாத்தம்" என்றான். துரை திருப்பி வைத்த அந்த வெட்டுப்பல் வேர் பிடித்துக்கொண்டது.

நான் ஏறி வந்தபோது ஷாப்ட் வாசலில் அக்கா நின்றிருந்தாள், இடுப்பில் பாக்கியம். குழந்தை என்னைப் பார்த்து வாயெல்லாம் சிரித்தாள். நான் நிபந்தனைப்படி கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டாக்டர் துரை எங்கள் லைனுக்கு வந்தார். அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. கூட வந்த சின்னப்பன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று அவனுடைய முகமே சொன்னது. முனியம்மா ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டாள், துரை அதில் உட்கார்ந்தார். லைன் முழுவதும் கூடிவிட்டது. என்னை ஒன்பது நாள் நோயாளியாக்கிய பல்லைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல் அக்காவுக்குப் பின்னால் போய்க் குழந்தையின் தலைப்பக்கம் நின்றேன். துரை ஒரு விரலை நீட்டி, தம் பக்கத்தில் தரையைக் காட்டினார். அங்கே போய், குழந்தைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"திற," என்றார் குழந்தையிடம். திறந்தாள். "எண்ணு," என்றார் என்னிடம்.

மேல் ஈறில் விரலை வைத்தேன். நடுவிலிருந்து இடது பக்கம் போனேன், வலது பக்கம் போனேன். வழவழவென்று இருந்தது. ஒன்றுமே இல்லை. கீழ் ஈறில் வைத்தேன். நட்டநடுவில் ஒன்று, கூராக. பக்கத்தில் இன்னொன்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

தலைப்பக்கம் நின்று குனிந்து பார்க்கிறவனுக்கு முகம் தலைகீழாகத் தெரியும். மோவாய் மேலே, நெற்றி கீழே. கீழ்ப்பல் மேல்பல்லாக நிற்கும். இது தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டியதில்லை, யாருடைய தலைமாட்டிலாவது ஒருமுறை உட்கார்ந்தால் போதும். ஆனால் டிரெஸ்ஸர் சொன்னால் சரி என்று ஊரே நம்பியதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரெஸ்ஸர் சொன்னால் சரி என்று நானும் நம்பினேன். முனியம்மாவிடம் திரும்பினேன். "நானா சொன்னேன்? நீதானே சொன்னே" என்றுவிட்டாள். லைன் சிரித்த சிரிப்பில் தட்டிகள் ஆடின. என் வாய் திறந்தபடியே இருந்திருக்க வேண்டும்.

"மூடு," என்றார் துரை. அவர் குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் வேலையை விடும்வரை லைனில் எனக்கு 'மேல்பல்' என்றுதான் பெயர். பாக்கியத்துக்கு ஏழு வயதில் அந்தக் கீழ்ப்பல் விழுந்து, பின்னால் காத்திருந்தது வந்தது, கொஞ்சம் பெரிதாக, விளிம்பில் அலை அலையாக. இப்போது அவளே மூன்று பிள்ளைக்குத் தாய். சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும். ஒன்றுகூட நான் தொட்டதில்லை.

இதை இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தபோது, போன வாரம், ஒரு விஷயம் என்னைக் குத்தியது. இத்தனை வருஷம் குத்தாதது என் மூளையின் பெருமை. அன்று சாயங்காலம் அக்கா குழந்தையின் வாயை முன்னாலிருந்து பார்த்தாளே. அதோடு பால் கொடுக்கிறவளுக்கு எந்தப் பல் கடிக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? பிறகு ஏன் அந்தப் பாட்டும் கருவாட்டுக் குழம்பும்?

ஆண்டர்சன்பேட்டையில் பாக்கியம் வீட்டில்தான் அக்கா இருக்கிறாள். இப்போது அவளுக்கு வாயில் மொத்தம் நாலு பல், நாலையும் நான் எண்ணி வைத்திருக்கிறேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். தெரிந்தும் ஏன் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"ஒம்போது நாளு மேலயே இருந்தியேடா, அது போதும்."